என் மூஞ்சியை நானே எழுதினேன்

உருவப்படம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஊரிலுள்ள மூஞ்சியெல்லாம் சொந்தம், அவன் மூஞ்சியைத் தவிர. தூரிகை பிடித்துச் சீரழியும் என் சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சேலத்துப் பக்கம், உயிரோடிருக்கும்போது படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயம். ஆள் போன பிறகு பிள்ளைகள் வந்து, "மூக்கு என்னாட்டம், காது எங்க சித்தப்பனாட்டம்" என்று சொல்ல, நான் எழுதுவேன். இப்படியே தலை நரைத்துவிட்டது. என் மனசுக்குள் கிடப்பதை ஒரு தடவையாவது எழுத வேண்டும், அதை ஒருவராவது பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஏக்கம் பிடித்தது. ஒரு நிலைக்கண்ணாடி வாங்கி வந்தேன்.

சோகம் வந்த விதம்

கண்ணாடி முன் உட்கார்ந்தால் சோகம் எங்கே வருகிறது? தொப்பைதான் தெரிந்தது. புருவத்தைச் சுருக்கி, கன்னத்தில் கை வைத்து, ஒரு வழியாக ஆத்மாவின் வேதனையை முகத்துக்குக் கொண்டுவந்தேன். எனக்கே கண் கலங்கியது. மோர் கொண்டுவந்த என் சம்சாரம் பதறிப்போய்ச் சொன்னாள்: "ஏனுங்க, பல்லு வலிங்களா? கிராம்பு ஒண்ணு கடவாயில வெச்சு அமுக்குங்க."

முதல் ரசிகர்

முடிந்த படத்தைக் கடையில் வாசலைப் பார்த்து மாட்டினேன். தகப்பனார் படத்தை வாங்கிப் போக ஜலகண்டாபுரத்து நெசவாளர் ஒருவர் வந்தார். நான் உள்ளே வர்ணம் குழைத்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால், மனுஷன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் படத்தின் முன் கண்ணை மூடி நிற்கிறார். வீட்டுக்கு வாங்கிய மல்லிகைச் சரம் படத்தின் மேல்! சபாஷ், கலை ஜெயித்துவிட்டது என்று வெளியே ஓடினேன். அவர் இரண்டடி பின்னால் போனார்: "அட சாமி, நீங்க இருக்கறீங்களா! போட்ட பூவத் திருப்பிக் கேட்டா நல்லா இருக்காதுங்களே!"

புரிந்துகொண்டவர்

வெண்ணந்தூரிலிருந்து ஒரு விவசாயி, போய்ச் சேர்ந்த தகப்பனாரை எழுதச் சொல்லி வந்தார். அடையாளம் சொல்ல வாயெடுத்தவர், என் படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். "எங்கப்பனும் இப்பிடித்தானுங்க. எல்லாத்தையும் உள்ளயே வெச்சிருந்தாரு, ஒரு வார்த்தை சொன்னதில்ல. நாங்களும் கேட்டதில்லீங்க."

இத்தனை வருஷம் நான் காத்திருந்த ஆள் வந்தே விட்டார், வேறொருவரைத் தேடிக்கொண்டு! எதிரே நின்ற என்னை அவர் பார்க்கவே இல்லை. அது என் படம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. "எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "மீசைய மட்டும் கொஞ்சம் பெருசாக்கிக் குடுத்தீங்கன்னா, எங்கப்பனேதானுங்க."

ஆகவே, என் அந்தரங்கம் இன்றைக்கு வெண்ணந்தூரில் ஒரு வீட்டில், முறுக்கிவிட்ட மீசையோடு, அமாவாசைக்கு அமாவாசை படையல் வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறது.