நாலு தடவை கவிழ்ந்த நடுவர்

ஜோதிலட்சுமி சேலையூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். கோவளத்தை ஒட்டிய குப்பத்திலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் என்று பஸ் மாறி வந்து சேர்வதற்குள் காலையிலேயே பாதி உயிர் போய்விடும். அப்பா பூவராகன் கடலுக்குப் போகிறவர். குப்பத்தில் பி.சி.ஏ. முடித்த முதல் பெண் அவள்தான்.

2007-ஆம் வருஷம், மதியம் இரண்டு பேட்ச்சுக்கு நடுவில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், சென்டரின் பழைய கம்ப்யூட்டரில் அவள் ஒரு கேம் செய்யத் தொடங்கினாள். எட்டு மாதம் பிடித்தது. கரையில் ஒரு படகு நிற்கும். அலை உடையும் இடத்தைத் தாண்டி அதை ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பெரிய அலைகள் வரிசையாக வந்து ஓய்ந்ததும் கடல் சற்று அடங்கும். அப்போது ஸ்பேஸ் பாரைத் தட்டினால் தாண்டலாம். அவசரப்பட்டால் கவிழும். அவ்வளவுதான் விளையாட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் சித்தி ஞானம்மாளையும் சென்டருக்குக் கூட்டிவந்து காட்டினாள். அப்பா திரையை முறைத்துப் பார்த்தார்.

"இன்னாமா இது, அல எல்லாம் ஒரே மாதிரி வந்துகினு கீது? மூணு பெருசு வரும், அப்பால ஒண்ணு சப்புனு வரும். அத்தப் பாத்துதான் தள்ளணும்."

அவர் சொன்னபடி அலைகளை மாற்றி எழுதினாள். அடுத்த ஞாயிறு சித்தி விளையாடினாள். மீன் விற்கிறவள், அதுவரை கீபோர்டைத் தொட்டதில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டாவது தடவையே தாண்டிவிட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் வண்டலூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி கேம் தயாரிக்கும் போட்டி வைத்தது. வெளியாட்களும் கலந்துகொள்ளலாம். ஒவ்வொரு கேமையும் மூன்று நடுவர்கள் தலா பத்து நிமிடம் விளையாடிப் பார்ப்பார்கள் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. ஜோதி அதை நம்பினாள்.

ஒரு நடுவர் வரவே இல்லை. இன்னொருவர் குத்துவிளக்கு ஏற்றி, சால்வையை வாங்கிக்கொண்டு, சமோசா தீர்ந்ததும் கிளம்பிவிட்டார். மிஞ்சியவர் தோத்தாத்ரி. ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். தன் பதவியைக் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஜோதியின் மேஜைக்கு வந்தபோது அவர் செல்போனில் யாரிடமோ பெருங்களத்தூர் ஃபிளாட் ஒன்றின் கார் பார்க்கிங் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஸ்பேஸ் பாரைப் பட்பட்டென்று தட்டினார். படகு கவிழ்ந்தது. மறுபடியும் தட்டினார். மறுபடியும் கவிழ்ந்தது.

"சார், அலை அடங்குற வரைக்கும் கொஞ்சம் வெயிட் பண்ணணும்" என்றாள் ஜோதி.

போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் சொன்னார்: "கேம்ல போய் எதுக்கும்மா வெயிட் பண்ணணும்? ஸ்பீடு வேணும்."

நாலாவது முறை கவிழ்ந்ததும் எழுந்துவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

முதல் பரிசு அந்தக் கல்லூரி மாணவன் நிகிலின் கார் ரேஸுக்குப் போனது. ஜோதிக்குச் சிரிப்பு வந்தது. கேம் தயாரிக்கும் சாஃப்ட்வேரோடு இலவசமாக வரும் மாதிரி கேம் அது. சென்டரில் இரண்டாவது வாரத்தில் அவளே நடத்துகிற பாடம். பையன் காரின் நிறத்தை மாற்றி, பானெட்டில் கல்லூரியின் முத்திரையை ஒட்டியிருந்தான். தோத்தாத்ரி மைக்கில் அதை "ஒரிஜினல் திங்கிங்" என்று புகழ்ந்தார். கைதட்டல் அடங்க நேரமானது.

ஜோதி மதிப்பெண் தாளைக் கேட்டாள். பதிவு மேஜையைக் கவனித்துக்கொண்டிருந்த ப்ரியா என்ற மாணவி, காட்டலாமா கூடாதா என்று யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டாள். வராத நடுவரின் பெயரில் பதினான்கு கேம்களுக்கும் ஏழு, ஏழு, ஏழு என்று ஒரே பேனாவில் எழுதியிருந்தது. தோத்தாத்ரியின் குறிப்பு மட்டும் நீளம். 'அலைகள் இயல்பாக இல்லை. படகு காரணமில்லாமல் கவிழ்கிறது. சுனாமி சேர்த்தால் விறுவிறுப்பாக இருக்கும்.'

மூன்று வருஷத்துக்கு முன் அந்தச் சுனாமியில்தான் அவர்கள் வீடும் படகும் போயின. சித்தப்பா கிடைக்கவே இல்லை. சித்தி ஒரு வாரம் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் தோத்தாத்ரியைப் பிடித்தாள்.

"சார், நீங்க படகுல போயிருக்கீங்களா?"

"முட்டுக்காடுல போயிருக்கேன், ஃபேமிலியோட. ஏம்மா?"

"அது போட் ஹவுஸ் சார். அங்க அலையே கிடையாது."

"லுக், இதெல்லாம் பர்சனலா எடுத்துக்கக் கூடாது. ஃபீட்பேக்கா எடுத்துக்கணும். நெக்ஸ்ட் இயர் ட்ரை பண்ணு. கண்டென்ட் நல்லாத்தான் இருக்கு, த்ரில்தான் மிஸ்ஸிங்."

"சுனாமி எங்க வூட்டுக்கே வந்துட்டுப் போச்சு சார். அதுல த்ரில்லுலாம் இல்ல."

தோத்தாத்ரி, "ஓ, ஸோ ஸாட்" என்று சொல்லிவிட்டு டிரைவரை ஏசியைப் போடச் சொன்னார்.

கலந்துகொண்டதற்கான சான்றிதழில் அவள் பெயரை 'ஜோதி லட்சுமணன்' என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் ப்ரியாவின் மேஜையிலேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். கேளம்பாக்கம் வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே வந்தாள்.

வீட்டில் அப்பா வலை பின்னிக்கொண்டிருந்தார். "ஜெயிச்சியா?"

"இல்லப்பா."

"யாரு பாத்தது?"

"ஒரு சாரு. நாலு வாட்டி கவுந்துட்டாரு."

"கரையிலயேவா?" அப்பா வலையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கரையத் தாண்டத் தெர்ல, அந்தாளு இன்னாத்துக்கு மார்க்கு போட்றான்?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கல்லூரிப் பக்கம் அதன்பிறகு அவள் போகவில்லை. அடுத்த வருஷம் மாணவர்களை அனுப்பச் சொல்லி வந்த அழைப்பைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாள்.

கேமை மட்டும் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் போட்டுவைத்தாள். ஐந்து மாதம் கழித்து நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் மெயில் அனுப்பியிருந்தார். பாராட்டு ஒரு வரிகூட இல்லை. 'முழுக்க விளையாடினேன். அலை சரி. ஆனால் படகு கவிழ்ந்தபின் தண்ணீர் பக்கவாட்டில் இழுக்கும், அதை விட்டுவிட்டீர்கள். எங்கள் கரையில் ஆள் போவது அதில்தான்.'

ஜோதி அதை இரண்டு முறை படித்தாள். மதிய பேட்ச் வர இன்னும் முக்கால் மணி இருந்தது. 'உங்கள் கரையில் இழுப்பு எந்தப் பக்கம்?' என்று பதில் எழுதி அனுப்பிவிட்டு, கேமைத் திறந்தாள்.