ஒரே உயரத்தில் இரண்டு கோடுகள்

ஓரத்தில் துளை வைத்த நீளத் தாள் ஒன்று பிரிண்டரிலிருந்து இறங்கி வந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதில் இரண்டு படங்கள். இரண்டிலும் கோடு ஒரே உயரத்துக்கு ஏறி, ஒரே மாதிரி இறங்கியது. தொண்ணூறுகளில் நீலாய் நகரில் ஒரு தொழிற்சாலை, மின்விசிறி உறை செய்யும் இடம். அங்கே இன்ஜினியர் சாரின் அறையில் எனக்கு வேலை. பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவள் நான். தாளைக் கிழித்து அடுக்கி பைலில் போடுவேன், அவ்வளவுதான். கீழே தகடு அழுத்தும் மெஷினில் என் அக்கா நின்றாள். நாங்கள் குடியிருந்த புக்கிட் பெலண்டோக் தோட்டத்திலிருந்து இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வருவோம்.

அக்காவின் மெஷினை இன்னும் வேகமாக ஓட்ட மேனேஜர் ஆசைப்பட்டார். தாங்குமா என்று பார்க்க, சார் கணினிக்குள் அதே மாதிரி ஒரு மெஷினை உண்டாக்கிப் பழைய வேகத்திலும் புது வேகத்திலும் ஓட்டினார். மெஷின் எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கணினி கோடாக வரைந்து காட்டும். ஆனால் ஒவ்வொரு கோட்டையும் அதனதன் உச்ச மதிப்பால் வகுத்துவிடும்படி சார் வைத்திருந்தார், வடிவத்தை ஒப்பிட வசதி என்று. சின்ன ஆட்டமோ பெரிய ஆட்டமோ, உச்சி 'ஒன்று' என்ற இடத்தில்தான் நிற்கும். அன்று அதை மறந்துவிட்டார். "ரெண்டும் ஒன்னுதான், வேகத்தக் கூட்டலாம்" என்று மேனேஜரிடம் போனில் சொன்னார். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மெஷின் புது வேகத்தில் ஓடத் தொடங்கியது.

பைலுக்காக இரண்டு கோட்டையும் ஒரே படத்தில், உண்மை அளவிலேயே போடலாம் என்று சார் அந்த வகுத்தலை நீக்கினார். பழைய கோடு தரையில் விழுந்த நூல் போல அடியில் கிடந்தது. புதுக் கோடு திரையின் உச்சியில் போய் முட்டியது. எனக்குக் கணக்குப் புரியவில்லை. சாரின் முகம் புரிந்தது. கீழே போன் அடித்தார், யாரும் எடுக்கவில்லை. அறை வாசலில் கழற்றி வைத்த சப்பாத்தைக்கூடப் போடாமல் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

சார் சிவப்புப் பொத்தானை அறைந்தபோது அக்காவின் இரண்டு கையும் உள்ளே இருந்தன. தகட்டை அழுத்திவிட்டு மேலேறிக்கொண்டிருந்த கனமான மேல் அச்சு பாதியில் நின்றது. அவள் கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தாள்.

"என்னா சார், காலொறையோட ஓடியாறீங்க? பேய் பாத்தீங்களா?"

"கைய எடுங்கக்கா. மொதல்ல எடுங்க."

"இருங்கலா, தகடு கோணிக்கிட்டு நிக்குது…"

"எடுங்க."

அந்தக் குரலில் இருந்ததைக் கேட்டுத்தான் எடுத்தாள். மெக்கானிக் அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார். "சார், மேல் அச்சப் புடிக்கிற போல்ட்டு எல்லாம் அறுந்துருச்சு. ஒன்னே ஒன்னுதான் புடிச்சிருக்கு" என்றார். சார் அப்படியே எண்ணெய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார்.  நான் அக்காவின் முழங்கையைப் பிடித்தேன், பஸ் ஏறும்வரை விடவில்லை.

அக்காவுக்கு இப்போது நீலாயிலேயே வீடு. சார் வழுக்கிக்கொண்டே ஓடி வந்ததை நடித்துக் காட்டி, வந்தவர்களையெல்லாம் சிரிக்க வைப்பாள். நானும் சிரிக்கப் பார்ப்பேன். ஆனால் கண் அவள் விரல்களுக்குப் போய்விடும். பத்தும் இருக்கின்றனவா என்று, தெரிந்தும், ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.