நாற்பத்தொரு விநாடிக் குரல்

நான் வசிக்கும் டச்சு ஊரில் டாக்டரிடம் போனால், கையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் அவர் ஒரு கேள்வி கேட்பார்: “உங்களுக்கு என்ன என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?” குடியேறிய முதல் குளிர்காலத்தில், நெஞ்சுச் சளியோடு போய் உட்கார்ந்த எனக்கு இது விளங்கவேயில்லை. “அதைத் தெரிந்துகொள்ளத்தானே உங்களிடம் வந்தேன்” என்றேன். நான் கோபப்பட்டுவிட்டதாக நினைத்து அவர் மன்னிப்புக் கேட்டார். அவருக்குத் தொழில் தெரியவில்லை என்று நினைத்து நான் வீடு திரும்பினேன். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ‘ஹவுஸ்ஆர்ட்ஸ்’, அதாவது குடும்ப டாக்டர், உண்டு. அவர் சொல்லாமல் பெரிய மருத்துவமனைக்குள் நுழைய முடியாது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு டாக்டர் என் சிறுவயது முழுக்க என்னிடம் பேசியது “நாக்கை நீட்டு” என்ற இரண்டு சொற்கள்தான். அவர் ஊசி போடாமல் அனுப்பினால் அப்பா அன்று சாயங்காலமே வேறு டாக்டரிடம் கூட்டிப் போவார்.

பதினோரு வருடமாக அந்த நாட்டில் எனக்கு வேலையே கேள்வி கேட்பதுதான். உடம்பு விஷயத்தில் மக்கள் யாரை நம்புகிறார்கள், போனில் வருகிற எதை ஏற்கிறார்கள், எதைத் தள்ளுகிறார்கள் என்று ஆராயும் ஒரு சிறிய நிறுவனம். இந்தப் பங்குனியில் வடசென்னையிலும் நாற்பது வீடுகளில் கேட்பதென்று முடிவாகி, ஊர்க்காரன் என்பதால் என்னை அனுப்பினார்கள். எங்களுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. கேட்பவன் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. பதிலுக்குத் தலையாட்டுவதுகூடக் கூடாது. திருவொற்றியூர் தேரடிக்கு அருகே பிளவுஸ் தைக்கும் என் அக்கா எஸ்தர் வீட்டில் தங்கி, தினமும் ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்கினேன். போன வீடு, நேரம், வெயில், யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்பது வரை நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்.

ஒன்பதாவது வீடு தண்டையார்பேட்டையில். வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபது. பாஸ்கர் துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். அன்று லோடு இல்லாததால் வீட்டில் இருந்தார். பதில் சொன்னது அவர் மனைவி கலா. சமீபத்தில் யாருடைய மருத்துவ ஆலோசனையைக் கேட்டு நடந்தீர்கள் என்ற பதினான்காம் கேள்விக்கு, கலா சட்டென்று போனை எடுத்தாள்.

“ஒரு டாக்டரு பேசிக்கீறாரு சார். ஹாலண்ட்டு டாக்டரு. கேளு.”

கேட்டேன். “நம்ம ஊர்லதான் ஆயுசு பூரா பிரஷர் மாத்திரை முழுங்க வைப்பாங்க. இங்க டாக்டர் நிறுத்திட்டார். உப்பைக் குறை, சைக்கிள் ஓட்டு, மாத்திரை வேணாம்னு சொல்லிட்டார்.” அது என் குரல். நாற்பத்தொரு விநாடி. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெருமை தாங்காமல் அக்காவுக்கு அனுப்பியது. என் டாக்டர் ஒரு வாரம் வீட்டிலேயே அளந்து பார்க்கச் சொல்லி, எடையும் குறைந்திருந்ததால்தான் நிறுத்தினார் என்பதை அதில் நான் சொல்லவேயில்லை.

“அன்னியிலேர்ந்து இவரு மாத்திரைய நிறுத்திட்டாரு. ஆஸ்பத்திரில குடுத்தது அப்டியே ஃபிரிட்ஜ் மேல கீது” என்றாள் கலா.

“தலைவலி, மயக்கம் ஏதாவது?” இது என் தாளில் இல்லாத கேள்வி.

பாஸ்கர் சிரித்தார். “தலவலி இன்னா புதுசா சார்? எண்ணூர் ரோட்ல ஆறு மணி நேரம் கியூல நின்னா செவுத்துக்குக்கூடத் தல வலிக்கும்.”

அந்த மனிதர் நாளை மறுபடி நாற்பதடி நீள வண்டியோடு அந்தச் சாலையில் ஏறுவார். பேனாவை மூடினேன். “அம்மா, அந்தக் குரல் என்னுதுதான். நான் டாக்டர் இல்ல. அது எனக்கு மட்டும் சொன்னது. இன்னிக்கே மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்லுங்க.”

கலா புருஷனைப் பார்த்தாள். பாஸ்கர் என் கையிலிருந்த தாள் கட்டைப் பார்த்தார்.

“கொரலு ஒரு மாதிரி ஒத்துதான் போவுது. ஆனா நீ சர்வே எடுக்கற ஆளு சார். ஷேர் ஆட்டோல வந்து எறங்கற. அவரு ஹாலண்ட்ல கீறாரு.”

“நானும் அங்கதான் இருக்கேன்.”

“இப்ப இங்க கீறியே.”

அதற்கு மேல் பேசப் பேச அவர்கள் முகத்தில் மரியாதை குறைந்துகொண்டே போனது. கலா தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்; அக்கா தையல் மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாள். “கஸ்டமர் குரூப்ல போட்டேன்டா. அங்கேர்ந்து எங்க போச்சோ. எவளோ டாக்டரு பேசறாருன்னு எழுதி வுட்டுக்கீறா.”

“நீ மாத்திரையை நிறுத்தினியாக்கா?”

“நான் இன்னா லூசா? டிபன் ஆனதும் போட்டுகினுதான் கீறேன்.”

“அப்புறம் ஏன் அனுப்பின?”

“தம்பி ஹாலண்ட்லேர்ந்து பேசினா அனுப்பாம? நாலு பேருக்கு யூஸ் ஆவட்டுமேன்னுதான்.”

தான் செய்யாததை மற்றவர்களுக்கு அனுப்பி வைப்பவர்களுக்கு எங்கள் கேள்வித்தாளில் கட்டமே கிடையாது. நான் அன்றே அலுவலகத்துக்கு, விதியை மீறிவிட்டேன், ஒன்பதாவது வீட்டை நீக்கிவிடுங்கள் என்று எழுதினேன். நீக்க வேண்டாம், நடந்ததை ஓரத்தில் குறித்துவிட்டு இரண்டாம் முறையும் போங்கள் என்று மேற்பார்வையாளர் பதில் போட்டார். சைரன் சத்தம் கேட்டாலே டிரெய்லர்தான் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை அக்காதான் வழி சொன்னாள். “இங்க குந்திகினு சொன்னா நீ எஸ்தர் தம்பி. அங்கேர்ந்து சொன்னாத்தான்டா கேப்பாங்க.” ஜன்னல்களைச் சாத்தினாள், ஃபேனை அணைத்தாள், குரலைப் பதிவு செய்யப் போனை என் முன்னால் வைத்தாள். முதல் தடவை மீன்காரம்மாவின் கூவல் புகுந்தது. இரண்டாம் தடவை கும்மிடிப்பூண்டி ரயில். வேர்வை வழிய மூன்றாம் தடவை பேசினேன்: முன்பு சொன்னது ஒரே ஒரு ஆளுக்கு, அளந்து பார்த்துச் சொன்னது, உங்கள் மாத்திரையை உங்கள் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள், நிறுத்தியவர்கள் நாளைக்கே போய் பிரஷர் பாருங்கள். ‘டாக்டர் இல்லை’ என்ற இரண்டு சொற்களை மட்டும் அக்கா கெஞ்சியதால் விட்டுவிட்டேன். அவள் அதை அதே கஸ்டமர் குரூப்பில் போட்டாள். சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. மறைத்தது எங்கள் தெருவின் சத்தத்தை மட்டும்தான்.

பத்து நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, இரண்டாம் முறைக்காகக் கலா வீட்டுக்குப் போனேன். பாஸ்கர் லோடு ஏற்றப் போயிருந்தார். கலா என்னைச் சற்றுத் தயங்கித்தான் உள்ளே விட்டாள்.

“அந்த டாக்டரு மறுபடி பேசினாரு சார். நிறுத்தக் கூடாதாம். போயி பாத்தா பிரஷரு எக்கச்சக்கம். நர்ஸம்மா கிழிகிழின்னு கிழிச்சிட்டாங்க. இப்ப ஒழுங்காப் போட்டுகினு கீறாரு.”

“நல்லதும்மா” என்று சொல்ல வாயெடுத்து, விதியை நினைத்துக்கொண்டேன். தாளைப் பிரித்து அடுத்த கேள்வியைப் படித்தேன். ஆலோசனை சொன்னவர் உங்கள் ஊர்க்காரரா, வெளியாளா?

கலா முற்றத்துக் கொடியில் காய்ந்த சட்டையைப் பார்த்தபடி யோசித்தாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்தான் இருந்தது.

“தமிழு நம்மள மாதிரிதான் சார் பேசறாரு. ஆனா நம்மாளு இல்ல. வெளியாளுன்னே போட்டுக்க.”

இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன்.