காயிலுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்குக் கார் கழுவும்போது, இக்னிஷன் காயில் என்ற கறுப்பு உருளை நனையாமல் பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போடுவேன். போட்டபின் ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். மகள் கையில் குங்குமக் கிண்ணம் இருந்தால் இன்னொரு முறை.

எனக்கு அப்போது ஒன்பது வயது, மானகிரியில் இருந்தோம். அப்பாவின் காரை ஓட்டச் சித்தப்பாவுக்கு அந்த மாதம்தான் அனுமதி கிடைத்திருந்தது. பூஜையன்று காலை பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு எலுமிச்சம்பழம் வாங்கப் போனார். தண்ணீர் ஊற்றாதே என்று சொல்லிவிட்டுப் போனாரா, நான்தான் காதில் வாங்கவில்லையா, இன்றுவரை நிச்சயமில்லை. பூஜையில் வைப்பதைக் கழுவாமல் வைக்கக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். இரண்டு வாளி ஊற்றினேன். பிறகு கைக்கு எட்டியதற்கெல்லாம் சந்தனம், குங்குமம். தடித்த ஒயர் செருகிய கறுப்பு உருளை ஒன்று லிங்கம் போலவே இருந்தது. அதற்கு மட்டும் மூன்று பொட்டு. தம் கட்டி பானெட்டையும் மூடினேன்.

பூஜை முடிந்த கையோடு அத்தையைக் காரைக்குடியில் ரயிலேற்ற வேண்டும். விஜயதசமியன்று சென்னையில் புது வேலையில் சேர்கிறார். சித்தப்பா சாவியைத் திருப்பினார். கார் இருமியது, அடங்கியது. மறுபடியும் அதே.

பெட்டியை மடியில் வைத்திருந்த அத்தை, "இதுக்கா டயருக்கடியில நாலு எலுமிச்சம்பழம் வச்சீக?" என்றார்.

சித்தப்பா பானெட்டைத் திறந்தார். உள்ளே வெகுநேரம் பார்த்தார். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய்விட்டேன். தோள்துண்டால் எதையோ அழுத்தித் துடைத்தார், ஒயரைப் பிடுங்கி ஊதினார், மறுபடி செருகினார். அதற்குள் அப்பா வந்து நின்றார்.

"நான்தாண்ணே. கவர் கட்டாமத் தண்ணிய ஊத்திட்டேன். காயில் நனைஞ்சு போச்சு."

"ஒங்கிட்ட வண்டியக் குடுத்தேன் பாரு. சாவிய இங்குட்டுக் குடு."

மூன்றாம் திருப்பில் கார் கிளம்பியது. அப்பாவே ஓட்டிப் போனார், ரயிலும் கிடைத்தது. பொங்கல் வரை சாவி அப்பாவிடம்தான் இருந்தது. சித்தப்பா டவுன் பஸ்ஸில் போய்வந்தார். தான் செய்யாததைச் செய்ததாக நினைக்கும் அளவுக்கு அவருக்கு மறதி வந்துவிட்டதே என்று நான் ரகசியமாகப் பரிதாபப்பட்டேன்.

பூஜையன்று மாலை அம்மா சித்தப்பாவின் அந்தத் துண்டைத் துவைக்கும்போது, கிரீஸ் கறை நடுவே மஞ்சளும் சிவப்புமாய் ஏதோ ஒட்டியிருந்தது. நெற்றியைத் துடைத்திருப்பார் என்றார் அம்மா.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.