ராசாவின் தலை

இத்தாலியில், பலெர்மோ பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் நாலு மணி நேரம் வரிசையில் நின்றபின், என் பெர்மெசோ அனுமதிப் பத்திரத்தில் அதிகாரி டக்கென்று சீல் குத்தினார். இன்னும் ஒரு வருடம் இங்கே இருக்கலாம்.

சின்ன வயதில், என்னைப் பெற்ற ஐயாவின் தபாற்கந்தோரில் கேட்ட அதே சத்தம். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த கிழமை, பள்ளிக்கூடத்தில் தந்த கடதாசிக் கொடியோடு அங்கே ஓடினேன். அரக்கு மணத்துக்கு நடுவே ஐயா, இங்கிலாந்து ராசாவின் தலை போட்ட முத்திரைகளில்தான் அன்றும் சீல் குத்திக்கொண்டிருந்தார்.

"வெள்ளைக்காரர் போயிட்டினம் எண்டு ரீச்சர் சொன்னவ. ராசா ஏன் ஐயா இன்னும் இருக்கிறார்?"

"பழைய முத்திரை முடியட்டும் பிள்ளை. இனி எங்கட அரசாங்கம்தானே."

பழைய முத்திரை முடிந்தது. சில வருடங்களில் எங்கட அரசாங்கம், இனிச் சிங்களம் மட்டும்தான் அரச மொழியென்று, ஐயாவைச் சிங்களம் படிக்கச் சொன்னது. அவர் மாட்டேனென்று வேலையை விட்டார்.

நான் ஐம்பது வயதில் இத்தாலியன் படித்தவள். அதிகாரிக்கு நன்றியாய் "கிராட்சியே" சொல்லிவிட்டு, எசமானி சின்யோராவின் வீட்டு வேலைக்கு நடந்தேன்.