சாத்தானுக்கு யார் கஃபீல்?

வளைகுடா நாட்டுக் குதைபியாவில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபைக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் எல்லோருக்கும் லீவு. சபையின் ஆண்டு விழாவுக்கு நான் ஒரு நாடகம் எழுதினேன்: சாத்தான் சோதித்து எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத, வேதத்தில் வரும் ஒரு நீதிமானின் கதை. சாத்தான் வேஷத்துக்கு ஒரு பயலும் வரவில்லை. கடைசியில் ஏசி மெக்கானிக்காக இருந்த ஒரு தூத்துக்குடித் தம்பி கறுப்புப் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஆடினான் பாருங்கள், சபையே விழுந்து விழுந்து சிரித்தது.

அடுத்த வாரம் ஊரில் அவன் மனைவிக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. "சாத்தான் வேஷம் கட்டினா அவன் வீட்டுக்குள்ள வராம என்னலே செய்வான்?" என்று அவனைப் பெற்ற தாயே போனில் கேட்டுவிட்டாள். அதோடு அவன் சபைக்கு வருவதை நிறுத்தினான். மனைவி கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை. பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதாக நம்பினான்.

எனக்கு வந்ததே கோபம்! என்ன பேச்சு இது? நேரே அவன் ரூமுக்குப் போனேன்.

"ஏலே, அந்தக் கதைய ஒழுங்காப் படிச்சிருக்கியா? அதுல சாத்தான் கடவுளோட ராஜசபையில ஒரு வேலக்காரன். மனுசனச் சோதிச்சுக் குத்தம் சொல்லுதது அவன் டியூட்டி. கடவுளுக்கு எதிரி, நரகத்துக்கு ராஜாங்கிறதெல்லாம் ரொம்பக் காலங்கழிச்சு வந்தது. விசா குடுத்த மொதலாளி, நம்ம கஃபீல், கையெழுத்துப் போடாம நமக்கு லீவு கெடைக்குமா? அதே மாதிரிதான். மேல உத்தரவு இல்லாம அவனால ஒரு துரும்பக்கூட அசைக்க முடியாது. உன் போர்வையப் பாத்தா வருவான்?"

கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்போ எம்புள்ளைக்கு யாரு அண்ணாச்சி கையெழுத்துப் போட்டது?"

ஒரு ராஜாவைத் தவறு செய்யத் தூண்டியது கடவுளின் கோபம் என்றுதான் வேதத்தின் பழைய பகுதி சொல்கிறது. அதே சம்பவத்தைப் பின்னால் எழுதியவர்கள், தூண்டியது சாத்தான் என்று மாற்றினார்கள். இயேசுவின் காலத்துக்கு வந்தால் அவன் முழு எதிரியாகவே நிற்கிறான். வேத வகுப்பில் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஏன் மாற்றினார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சாத்தான் எதிரியாவே இருந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி. அவன்னா ஆத்திரந்தீரத் திட்டலாம். ஆண்டவரத் திட்டிட்டு நான் யாருகிட்டப் போய் அழ? ஆனா என் வேஷத்தால இல்லன்னு சொன்னீயள்லா, அது போதும்."

பிறகு போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான். நான் வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, உள்ளே இருவரும் சேர்ந்து அழுவது கேட்டது.