வளைவில் நிற்பவர்

றக்வானைக்கு ஏறும் வழியில் எங்கள் பஸ் பழுதாகி நிற்கிறது. முன்னே, வளைவின் ஓரத்தில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கடை எங்கே என்று கேட்க நெருங்கினால், அது சாக்குப் பொம்மை.

“அது பேசாதுக்கா. என்னைய கேளுங்க,” என்கிறார் சாலையோர மதகுக் கட்டையில் அமர்ந்திருக்கும் பெண்.

“இது எதுக்கு இங்க?”

“ரோட்டுக்குத் தாரு காபட் போட்டதுல இருந்து வண்டியெல்லாம் பறக்குது, நடக்க ஓரமே இல்ல. எம் மகளும் மத்த புள்ளைங்களும் இப்படித்தான் ஸ்கூல் விட்டு வரணும். ஆளக் கண்டா மெதுவா போவாங்கன்னு கட்டினோம்.”

“போறாங்களா?”

“போனாங்க. இப்ப பொம்மைன்னு தெரிஞ்சிருச்சு. அதான் சில நாளு பொம்மைக்குப் பதிலா நானே நிக்கிறேன். எது பொம்மை, எது ஆளுன்னு அவங்களுக்குக் குழம்பணும்ல?”

சிரிப்பதா, அஞ்சுவதா என்று எனக்கும் குழப்பம். பிள்ளைகளின் குரல் கேட்டதும் அவர் பொம்மையைக் கழற்றி என் கையில் கொடுக்கிறார்.

“அதோட மதகுக்குப் பின்னால மறைஞ்சுக்குங்க.”

பொம்மையின் படங்கைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறார். இறங்கி வரும் லொறி வேகம் குறைகிறது. ஓட்டுநர் உற்றுப் பார்க்கிறார். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் பிள்ளைகள் வரிசையாக நடக்கிறார்கள். கடைசிச் சிறுமி “அம்மா” என்கிறாள். லொறி கடந்து போகும்வரை அவர் திரும்பவில்லை.